உப்பைப் பழகிய நுளம்பு

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தெளிந்த நன்னீரில் மட்டுமே பெருகும் என்பது உலகெங்கும் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த பாடம். பூச்சாடி, தேங்காய்ச் சிரட்டை, பழைய ரயர், கூரைப் பீலி, யோகட் கோப்பை என்று துப்புரவு செய்யவேண்டிய இடங்களின் பட்டியல் அந்தப் பாடத்திலிருந்தே பிறந்தது. கடற்கரையில் கிடக்கும் உவர்நீர் அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகள் இந்தப் பாடத்தைத் திருத்தின.

2011ஆம் ஆண்டு நவம்பரில் 'பிளொஸ் நெக்லெக்டட் ட்ரொப்பிக்கல் டிசீசஸ்' என்ற சர்வதேச ஆய்விதழில் அந்தக் கட்டுரை வெளியானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரன், ஒட்டுண்ணியியல் ஆய்வாளர் ரஞ்சன் ராமசாமி ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் அதை எழுதினர். டெங்குவின் முதன்மைக் காவியான ஈடிஸ் ஈஜிப்தி, அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஈடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய இரண்டின் குடம்பிகளும் லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரில் வளர்ந்துகொண்டிருந்தன. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அப்படிப் பார்த்தால், கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய பாதியளவைத் தாங்கிக்கொண்டு டெங்கு நுளம்பு பிறந்துவருகிறது.

குடம்பிகள் கிடைத்த இடங்கள் எல்லோரும் அன்றாடம் கடந்துபோகும் இடங்கள்தாம். கரையில் ஏற்றிவிடப்பட்டு, திருத்துவார் இல்லாமல் கிடக்கும் பைபர் வள்ளங்களின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீர். எறிந்துவிட்ட பிளாஸ்ரிக் பாத்திரங்களும் கண்ணாடிப் போத்தல்களும். உப்பாகிப்போனதால் கைவிடப்பட்ட கிணறுகள். வள்ளத்துக்குள் மழையும் பெய்கிறது, அலைத்தூவலும் விழுகிறது. வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. அடுத்த மழையில் அது மறுபடியும் இறங்குகிறது. இப்படி நாளுக்கு நாள் மாறும் நீரில் வாழப் பழகிய உயிருக்கு உப்பின் ஏற்ற இறக்கம் பெரிய தடையாக இருக்கப்போவதில்லை.

உவர்நீரை விரும்பும் நுளம்புகள் முன்பும் இருந்தன. தென்கிழக்காசியக் கரைகளில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் சுண்டைக்கஸ் அவற்றுள் ஒன்று. புதிதாகத் தெரியவந்தது, வீட்டு நீர்க்கலங்களையே நம்பி வாழும் நுளம்பு என்று கருதப்பட்ட ஈடிஸ் ஈஜிப்தியும் கரையோரத்து உவர்நீரில் முட்டையிட்டுப் பொரித்து முழு நுளம்பாகப் பறக்கிறது என்பதே. 2013இல் புரூணையின் கரையோரத்து உவர்நீரிலும் ஈடிஸ் அல்போபிக்டஸ் குடம்பிகள் கண்டறியப்பட்டன. அதனால் இதை ஈழத்துக் கரைக்கு மட்டுமான ஒரு விசித்திரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

நாற்புறமும் உப்பு

இந்த ஆய்வு வளர்ந்த இடம் யாழ்ப்பாணமாக இருந்ததற்குக் குடாநாட்டின் நிலமும் நீரும் காரணம். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்த நிலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. எந்த ஊரை எடுத்தாலும் அது கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ 10 கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே யாழ்ப்பாணக் கடனீரேரி, நடுவே ஊடுருவி நிற்கும் உப்பாறும் தொண்டைமானாறும். தரை பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்திலேயே கிடக்கிறது.

குடிநீரும் தோட்டத்து நீரும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் நிலத்தடி நீரே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, கீழே நிற்கும் கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தைச் சேர்ந்த கைபனும் சற்றுப் பின்னர் ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே ஒரே கணக்கைக் கண்டறிந்தனர். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆபத்து விளங்கும். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டம் 1 மீற்றர் இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீற்றர் மேலேறும். ஒரு காலத்தில் நல்ல தண்ணீர் தந்த கிணறுகள் சவர்க் கிணறாகிப் போனதன் பின்னால் இருக்கும் பௌதிகம் இதுதான்.

கடல்மட்டமும் ஏறிவருகிறது. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் ஆறாவது மதிப்பீட்டின்படி, 1901க்கும் 2018க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல்மட்டம் 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரையான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் அது ஏறியது. தாழ்ந்த கரையுள்ள குடாநாட்டில் இதன் விளைவு உவர்நீர்த் தேக்கங்கள் பெருகுவதும் கரையோரக் கிணறுகள் உவர்ப்பதுமாகவே இருக்கும். கமக்காரருக்கு அது இழப்பு. உப்பைப் பழகிய நுளம்புக்குப் புதிய குடியிருப்பு.

குடம்பியின் உடலுக்குள்

ஈடிஸ் பெண் நுளம்பு முட்டைகளை ஒவ்வொன்றாக, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டுகிறது. அந்த முட்டைகள் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் சாவதில்லை. மழை வந்து நீர் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிக்கின்றன. குடம்பி நான்கு முறை தோலுரித்துக் கூட்டுப்புழுவாகி, வெப்பமான காலநிலையில் ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிவிடும். தலைகீழாகத் தொங்கி, வால்பக்கக் குழாயை நீரின் மேற்பரப்பில் நீட்டி அது மூச்சுவிடும்.

நன்னீரில் வாழும் குடம்பிக்கு ஓயாத ஒரு சிக்கல் உண்டு. உடலுக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு. பிரசாரணத்தால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மேலதிக நீரைக் குடம்பி ஐதான சிறுநீராகக் கழிக்கிறது. இழந்த சோடியத்தையும் குளோரைட்டையும் நீரிலிருந்து மீண்டும் உறிஞ்சிக்கொள்வது குதத்தைச் சுற்றியுள்ள மெல்லிய நான்கு பைகள். குதச் சிம்பிகள் என்று இவற்றை விலங்கியலில் சொல்வர். உவர்நீருக்குள் போனால் நிலைமை தலைகீழாகிறது: உடலிலிருந்து தண்ணீர் வெளியேறப் பார்க்கும், உப்பு உள்ளே ஏறப் பார்க்கும். உவர்நீரிலேயே வாழும் சில நுளம்பினங்களுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் உப்பைச் செறிவாக்கி வெளியேற்றும் தனிக் கூறு இருக்கிறது. ஈடிஸ் ஈஜிப்திக்கு அது இல்லை. ஆகவே, அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது உயிரியலாளரின் அடிப்படைக் கேள்வியாயிற்று.

கேள்விக்கு விடை தேட யாழ்ப்பாணமே பொருத்தமான இரு இடங்களைத் தந்தது. யாழ் நகரின் கடற்கரைக் குடியிருப்பான குருநகர் ஒன்று. பல்கலைக்கழகம் அமைந்துள்ள உள்நாட்டுப் பக்கத் திருநெல்வேலி மற்றொன்று. இரண்டுக்கும் இடையே சில கிலோமீற்றர்தான். குருநகரின் உவர்நீரிலிருந்து வந்த ஈடிஸ் ஈஜிப்தியையும் திருநெல்வேலியின் நன்னீரிலிருந்து வந்ததையும் ஆய்வுகூடத்தில் வளர்த்து ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 2014இல் 'பிளொஸ் வன்' இதழில் வந்தது. ஒரே இனம், ஒரே நகரம்; ஆனாலும் உவர்நீரிலிருந்து வந்த கூட்டம் உப்பைத் தாங்குவதில் வேறுபட்டு நின்றது. உப்பைத் தாங்கும் இந்தத் திறன் பரம்பரையாகக் கடத்தப்படுவது என்றும் சுரேந்திரன், ராமசாமி குழுவின் ஆய்வுகள் காட்டின. தன் வாழ்நாளில் மட்டும் சமாளித்துக்கொள்ளும் பழக்கமாக இருந்திருந்தால் அது அந்த நுளம்போடு முடிந்திருக்கும். பரம்பரையில் ஏறிய திறன் பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். கரையோரத்து நுளம்பும் உள்நாட்டு நுளம்பும் கூடும் இடமெல்லாம் அது பரவவும் இடமுண்டு.

2018இல் வந்த இன்னோர் ஆய்வு உடலில் தெரியும் ஒரு மாற்றத்தைச் சுட்டியது: உப்புக்கு இசைந்த குடம்பிகளில் குதச் சிம்பிகள் பெரிதாக இருந்தன. 2021இல் 'பிஎம்சி ஜீனோமிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இன்னும் ஆழத்துக்குப் போனது. நான்காம் நிலைக் குடம்பியின் குடலையும் குதச் சிம்பிகளையும் எஞ்சிய உடலையும் வேறுவேறாகப் பிரித்தெடுத்து, எந்தெந்தப் பரம்பரையலகுகள் கூடுதலாக வேலை செய்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை வாசித்து ஒப்பிட்டனர். குடம்பி கூட்டுப்புழுவாகும்போது உரித்துப்போடும் தோலில் உள்ள புரதங்களையும் ஆராய்ந்தனர். அயன்களைக் கடத்தும் புரதங்கள், தோலுரித்தலைக் கட்டுப்படுத்தும் ஓமோனோடு தொடர்புள்ளவை, மேற்றோலைக் கட்டும் புரதங்கள் ஆகியவற்றுக்கான பரம்பரையலகுகளில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது குடம்பியின் மேற்றோல் மட்டுமல்ல, அதிலிருந்து பறந்துபோகும் நுளம்பின் மேற்றோலும் கட்டமைப்பில் மாறியிருந்தது.

இதுதான் ஆய்வு வரிசையின் மிக முக்கியமான திருப்பம். உவர்நீரைச் சமாளிக்க எழுந்த மாற்றம் நீரோடு நின்றுவிடவில்லை. பூச்சிகொல்லி நுளம்பின் உடலுக்குள் போகும் வழி அந்த மேற்றோல்தான். வழியே மாறிவிட்டால் மருந்தும் முன்போல வேலை செய்யுமா என்ற கேள்வி எழுந்தது.

மருந்துக்கு அடங்காத தோல்

அந்தக் கேள்விக்கான பதில் 2023இல் 'சயன்ரிபிக் ரிப்போட்ஸ்' இதழில் வந்தது. இம்முறை விலங்கியல் துறையோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையினரும் சேர்ந்துகொண்டனர். அணுவிசை நுணுக்குக்காட்டி என்ற கருவி இங்கே கைகொடுத்தது. மிக நுண்ணிய ஊசிமுனை ஒன்று பொருளின் மேற்பரப்பை வருடிக்கொண்டு போகும். மேடு பள்ளங்களுக்கேற்ப முனை ஏறி இறங்குவதை ஒளிக்கற்றை ஒன்று அளந்து கணினிக்குச் சொல்லும். ஒளி நுணுக்குக்காட்டிக்கு எட்டாத நனோமீற்றர் அளவிலான கரடுமுரடும், மேற்பரப்பு எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்பதும் இதில் தெரியும். புதிய பொருள்களின் படலங்களை ஆராயப் பௌதிகவியலாளர் கையாளும் கருவியின் கீழ் நுளம்பு முட்டையும் குடம்பித் தோலும் வைக்கப்பட்டன.

உவர்நீருக்கு இசைந்த நுளம்பின் முட்டை, நன்னீர் நுளம்பின் முட்டையைவிட மேற்பரப்பில் கரடுமுரடாகவும் நெகிழ்வு குறைந்ததாகவும் இருந்தது. உவர்நீரில் அந்த முட்டைகள் கூடுதலாகப் பொரித்தன. குடம்பியின் தோலும் கரடுமுரடாகியிருந்தது. அத்தோடு, ரெமிபோஸ் என்ற குடம்பிகொல்லியை அந்தக் குடம்பிகள் கூடுதலாகத் தாங்கின.

ரெமிபோஸ் நரம்புகளைத் தாக்கும் ஓகனோபொஸ்பேற்று வகை மருந்து. மணலில் ஏற்றிய குறுணையாக நீர்த்தொட்டிகளிலும் கிணறுகளிலும் இடப்படுகிறது. குடிநீரில்கூடக் குறித்த அளவுக்குள் இடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதித்த மிகச் சில மருந்துகளுள் இதுவும் ஒன்று. அதனால்தான் வெப்பமண்டல நாடுகளின் டெங்கு ஒழிப்பு இதைப் பெரிதும் நம்பியிருக்கிறது. தோல் மாறியதே இந்தத் தாங்குதிறனுக்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் முன்வைத்தனர். அது சரியானால், மருந்தே தெளிக்கப்படாத ஓர் உவர்க்கிணற்றிலிருந்தும் மருந்தைத் தாங்கும் நுளம்பு கிளம்பமுடியும். மருந்தை அளவுக்கு மீறிப் பாவித்தால்தான் பூச்சிக்கு எதிர்ப்புத்திறன் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது புதிய எச்சரிக்கை.

மறுபக்கத்தில் ஓர் ஆறுதல் உண்டு. பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ராயெலென்சிஸ், சுருக்கமாக பிரிஐ எனப்படும் பற்றீரியா 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அது உண்டாக்கும் புரதப் பளிங்கைக் குடம்பி விழுங்கினால், குடலின் கார நிலையில் பளிங்கு கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. மனிதருக்கும் மீனுக்கும் கால்நடைக்கும் அதனால் கேடில்லை. யாழ்ப்பாணக் கரையோரத்துக் குடம்பிகளை வைத்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உவர்நீரில் வளரும் ஈடிஸ் ஈஜிப்தியையும் இந்த நச்சுப் புரதம் கொல்கிறது என்று காட்டியது. தோல் வழியாக அன்றி வாய் வழியாகப் போகும் மருந்து என்பதால் தோலின் மாற்றம் இதை மறிக்க வாய்ப்புக் குறைவு. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் காவி கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் இதே பற்றீரியாவின் உள்ளூர் வகையொன்றைக் கொண்டு குடம்பிகொல்லி ஆக்கியிருக்கிறது. கடலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த அறிவு குடாநாட்டுக்கு எளிதாகவே பயன்படக்கூடியது.

வாய்க்காலும் கிணறும்

உப்போடு கதை முடியவில்லை. யாழ் நகரின் திறந்த சீமெந்து வாய்க்கால்களில் ஓடும் கழிவுநீரிலும் ஈடிஸ் ஈஜிப்தி வளர்வதை 2019இல் 'பராசைற்ஸ் அன் வெக்ரர்ஸ்' இதழில் இக்குழு அறிவித்தது. வாய்க்கால் என்றால் கியூலெக்ஸ் நுளம்பு, சாடி என்றால் ஈடிஸ் என்று பிரித்துவைத்த பழைய வழக்கு அதோடு ஆட்டங்கண்டது. வாய்க்காலில் வளர்ந்த நுளம்புகளும் பூச்சிகொல்லிகளைத் தாங்கின. நன்னீர்க் கலங்களை மட்டும் குறிவைத்துப் பல்லாண்டுகள் நடந்த ஒழிப்பு முயற்சிகளே, வேறு நீரில் முட்டையிடும் நுளம்புகளுக்குச் சாதகமாக அமைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இயற்கைத் தெரிவு பற்றி டார்வின் சொன்னது குருநகரின் வள்ளத்தடியில் நடந்துகொண்டிருக்கிறது.

கிணறு இன்னொரு கவலையையும் சுமக்கிறது. இலங்கையில் 1934–35 கொள்ளைநோயில் பல்லாயிரம் பேரைக் கொன்ற மலேரியா, 1963இல் 17 நோயாளர் என்ற அளவுக்குக் குறைந்து, பிறகு மீண்டும் பரவி, போர்க்காலத்தில் வடக்கை வாட்டியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், நாட்டில் அதுவரை காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னார்த் தீவின் கிணறுகளில் கண்டறியப்பட்டது.

இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்த நுளம்புதான். மற்ற அனோபிலிஸ் இனங்கள் வயலையும் ஆற்றங்கரைக் குழியையும் நாடும்போது, இது நகரத்துக் கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் நாடுகிறது. 2012இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் கால்வைத்த பிறகு அங்கே மலேரியா பெருகியது. பின் எதியோப்பியாவுக்கும் பரவியது. மன்னாருக்கு வந்தது யாழ்ப்பாணத்துக்கும் வந்துசேர்ந்தது. யாழ்ப்பாணக் குழு மன்னார் நுளம்பின் மரபுவகையையும் உயிர்வகையையும் 2018இல் ஆராய்ந்து வெளியிட்டது. மலேரியா மீண்டும் தொற்ற நுளம்பு மட்டும் போதாது. ஒட்டுண்ணியோடு ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். கடலால் இந்தியாவோடு இவ்வளவு நெருங்கிய கரைக்கு அது நடக்கமுடியாத ஒன்றல்ல. காய்ச்சலோடு நாடு திரும்புவோரின் இரத்தத்தை உடனே பரிசோதிக்கும் வழக்கம் தளராமல் இருப்பது வடக்குக்கு உயிர்நாடி.

மாரிக் காய்ச்சல்

கொழும்புப் பக்கத்தில் டெங்கு ஆனி, ஆடியில் உச்சம் தொடும். யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழையோடு ஏறி மார்கழி, தையில் உச்சம் காணும். 2006 இறுதியில் குடாநாடு சிக்குன்குனியாவில் முடங்கியது. மூட்டுவலியோடு நடக்கமுடியாமல் வீட்டுக்கு வீடு ஆட்கள் படுத்துக்கிடந்தனர். போர் முடிந்து பாதை திறந்து, ஆள்களின் போக்குவரத்துப் பெருகியபின் டெங்கு குடாநாட்டில் ஆண்டுதோறும் வருவதாயிற்று. நாடு கண்ட மிகப்பெரிய டெங்குப் பரவல் 2017இல் நேர்ந்தது: அந்த ஒரே ஆண்டில் 186,101 நோயாளர் பதிவாயினர்.

டெங்கு வைரஸைத் தாக்கும் மருந்து இன்னும் கிடையாது. சிகிச்சை என்பது இரத்தத் திரவம் கசியும் இரண்டொரு நாளை நோயாளர் தாண்டும்வரை நீர்ச்சமநிலையைக் கவனமாகக் காப்பதுதான். ஆகவே நுளம்பைக் குறைப்பதே முதன்மையான வழி. அந்த வழியில் அண்மைக் காலத்தில் வந்த பெரிய முன்னேற்றம் வொல்பாக்கியா. பல பூச்சிகளின் கலங்களுக்குள் இயல்பாக வாழும் இந்தப் பற்றீரியா ஈடிஸ் ஈஜிப்தியில் இயல்பாக இருப்பதில்லை. ஆய்வுகூடத்தில் அதை நுளம்பு முட்டைக்குள் செலுத்தினால், அந்த நுளம்பின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது தடைப்படுகிறது. தாய் நுளம்பிலிருந்து குஞ்சுகளுக்குப் பற்றீரியா கடத்தப்படுவதால், வெளியே விடப்பட்ட நுளம்புகள் சில மாதங்களில் ஊர் நுளம்புகளையே மாற்றிவிடுகின்றன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்து 2021இல் முடிவு வெளியான பரிசோதனையில், வொல்பாக்கியா நுளம்பு விடப்பட்ட பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைந்தது. இலங்கையில் கொழும்பிலும் நுகேகொடையிலும் பரீட்சார்த்தமாக இது செய்யப்பட்டது. புதுச்சேரி மையமும் இந்திய நுளம்பில் வொல்பாக்கியாவை ஏற்றிய வகைகளை உருவாக்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு இந்த நுட்பம் வருமானால், முதலில் விடை காணவேண்டிய கேள்வி உப்புப் பற்றியதாக இருக்கும். நன்னீரில் வளர்த்து விடப்படும் நுளம்பு குருநகர், நாவாந்துறை போன்ற கரையோரங்களின் உவர்நீரில் ஊர் நுளம்போடு போட்டியிட்டுப் பெருகுமா என்பதை இங்கேயே சோதித்துப் பார்க்கவேண்டும். உவர்நீரில் தோற்றுவிட்டால், குடாநாட்டின் உட்பகுதியில் டெங்கு குறைந்தாலும் கரையோரம் அதன் ஒதுக்கிடமாக நின்றுவிடும்.

இதைவிட உடனடியாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் டெங்குத் தடுப்புப் பணியாளர்களும் வீடுவீடாகப் போகும்போது பார்க்கும் இடங்களின் பட்டியலில் கரையேற்றிய வள்ளமும் சவர்க் கிணறும் திறந்த வாய்க்காலும் சேரவேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் கைவிட்ட வள்ளங்களைக் கவிழ்த்துவைக்கவோ அடித்தட்டில் துளையிட்டு நீரை வடிக்கவோ ஒத்துழைத்தால், மாரிக்கு முன்பே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கிணற்றுக்கு நுளம்பு புகாத வலைமூடி போடலாம். மூடமுடியாத கிணறுகளில் குடம்பி தின்னும் கப்பி மீனை விடுவது மலேரியா ஒழிப்புக் காலத்திலிருந்து பழகிய வழி. இந்தச் சிறு மீன் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும்.

குழாய்நீர்த் திட்டம் வரும்போது கிணறுகளைப் பற்றிய இந்த எண்ணம் இன்னும் அவசரமாகிறது. 2024 ஓகஸ்ரில் வடமராட்சி கிழக்கின் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் கொள்ளளவுள்ள அது, யாழ்ப்பாண–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்தின் முதுகெலும்பு. நைத்திரேற்றும் உப்பும் ஏறிய கிணற்றுநீரைக் குடித்துவந்த குடும்பங்களுக்கு அது பெரும் வரம். ஆனால் குழாய் வந்த வீட்டில் இறைக்காமல் விடப்படும் கிணற்றில் நீர் அசையாமல் கிடக்கும், வாளி விழாது, குடம்பி கலைக்கப்படாது. நாளாந்தம் இறைத்த கிணற்றைவிட அது நுளம்புக்கு ஏற்ற இடம். குழாய் இணைப்புக் கொடுக்கும் அதே நடைமுறையில், பாவனையிலிருந்து நிற்கும் கிணற்றைப் பதிந்து மூடிபோடுவதையும் உள்ளூராட்சிச் சபைகள் சேர்த்துக்கொள்ளலாம். கிணற்றைத் தூர்த்துவிடுவது சரியான வழியல்ல. மாரி நீர் நிலத்துக்குள் இறங்கவும், வரட்சியில் தோட்டத்துக்கு நீர் எடுக்கவும் அது வேண்டும்.

குடம்பி மாதிரி எடுக்கும் பணியாளரின் பையில் இன்று கரண்டியும் குழாயியும் சிறு போத்தல்களும் இருக்கின்றன. அவற்றோடு கைக்கு அடக்கமான உப்புமானி ஒன்றும் சேர்ந்தால், ஒவ்வொரு மாதிரியின் உப்பளவும் பதிவாகும். எந்த ஊரில் எந்த மாதத்தில் உவர்நீர்க் குடம்பி கூடுகிறது, அது கரையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது, ரெமிபோஸ் எங்கே வலுவிழக்கிறது, எங்கே பிரிஐக்கு மாறவேண்டும் என்பதெல்லாம் சில மாரிகளுக்குள் வரைபடத்தில் தெரிந்துவிடும். கடல்மட்டம் உயரும் வெப்பமண்டலக் கரைகளுக்கெல்லாம் அந்த வரைபடம் தேவைப்படும். அதை வரையத் தேவையான ஆய்வுகூடமும் அனுபவமும் திருநெல்வேலியில் ஏற்கெனவே இருக்கின்றன.